கோழிக் கூண்டும் கும்பினி வாக்கும்

புதுச்சேரியிலிருந்து கடலூர்ச் சாலையில் தெற்கே சென்றால், அரியாங்குப்பத்துக்கு அப்பால் நோணாங்குப்பம் என்னும் ஊர் வரும். கடலோடு கலக்கப் போகும் சுண்ணாம்பாறு இங்கே சற்று விசாலமாகப் பரந்து நிற்கிறது. படகுத் துறையும், படகில் போய்ச் சேரும் மணற்கரையும் பெயர் பெற்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமை என்றால் வெளியூரிலிருந்து வருகிற ஜனங்களுக்குக் கணக்கே இல்லை. வருகிறவர்கள் இயற்கை அழகை மட்டும் பருகிவிட்டுத் திரும்புவதில்லை. அவர்களுக்குப் பசிக்கும். பசி என்று வந்துவிட்டால் காலையில் ஆம்லெட், மத்தியானம் பிரியாணியில் ஒளிந்திருக்கும் வேக வைத்த முட்டை, சாயங்காலம் முட்டை புரோட்டா. ஆகவே, நோணாங்குப்பத்தைப் பற்றி நிலவையும் அலையையும் வைத்து எவ்வளவோ எழுதலாமாயினும், இந்த வாரம் முட்டையைப் பற்றி எழுத உத்தேசித்திருக்கிறேன்.

முட்டை சாப்பிடாத நேயர்கள் உடனே பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாமென்று கேட்டுக் கொள்கிறேன். குழந்தையின் பிறந்த நாளுக்கு வாங்கும் கேக்கில் என்ன கலந்திருக்கிறது என்று விசாரித்தால், நம்மில் பலருடைய விரதம் சிறிது ஆட்டம் கண்டுவிடும். அது போகட்டும். முட்டையைத் தின்னலாமா கூடாதா என்ற பழைய வழக்கை நான் இங்கே எடுக்கப் போவதில்லை. ஒருவர் வாக்குக் கொடுத்தால் அதைக் காப்பாற்றினாரா என்று கேட்கப் போகிறேன். இந்தக் கேள்வி சைவர்களுக்கும் அசைவர்களுக்கும் பொதுவானதுதானே?

* * *

கிராமத்து வீட்டுக் கோழியை எல்லோரும் பார்த்திருக்கிறோம். குப்பையைக் கிளறும், புழுதியில் சிறகை விரித்துக் குளிக்கும், வெயில் ஏறினால் முருங்கை மரத்தடியில் ஒதுங்கும், இருட்டினால் உயரமான கொம்பைத் தேடி ஏறும். முட்டையிடும் நேரம் வந்தாலோ, ஒரு மறைவான மூலையைக் கண்டுபிடித்துக் கொண்டு வீட்டுக்காரியை இரண்டு நாள் தேட வைக்கும். இவையெல்லாம் கோழியின் சுபாவம். யாரும் பள்ளிக்கூடம் வைத்துக் கற்றுக் கொடுத்ததில்லை.

ஹோட்டல் தட்டில் வருகிற முட்டையை இட்டது இந்தக் கோழி என்று நினைத்தால் ஏமாந்து போவோம். அது பெரும்பாலும் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் நாமக்கல் ஜில்லாவில் இடப்பட்டு, அட்டைத் தட்டுகளில் அடுக்கப்பட்டு, லாரியில் பிரயாணம் செய்து வந்தது. அதை இட்ட கோழியின் வாசம் கம்பிக் கூண்டில். பதினெட்டு அங்குல அகலமும் பதினைந்து அங்குல ஆழமும் உள்ள ஒரு கூண்டில் நாலு கோழிகள் என்று வைத்துக் கொண்டால், ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் சுமார் 435 சதுர சென்டிமீட்டர். ஆபீஸ்களில் உபயோகிக்கும் ஏ-4 காகிதம் ஒன்றை எடுத்து மேஜைமீது வையுங்கள். அதன் பரப்பு 623 சதுர சென்டிமீட்டர். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மடித்துவிட்டால், மிச்சமிருக்கும் காகிதந்தான் அந்தக் கோழிக்கு வீடு, வாசல், தோட்டம் எல்லாம்.

கூண்டின் தரை சரிவான கம்பி வலை. இட்ட முட்டை தானே உருண்டு முன்பக்கத்துக்கு வந்து சேரவேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. சிறகை விரிக்க முடியாது. கிளறுவதற்கு மண் கிடையாது. ஏறி உட்காரக் கொம்பும் கிடையாது. ஒளிந்து கொள்ள மூலையும் கிடையாது. கோழியின் ஆதி மூதாதையான காட்டுக் கோழி வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் இடும். இந்தக் கூண்டுக் கோழியோ முந்நூறு முட்டைக்கு மேல் இடுகிறது. ஓடு கட்டுவதற்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்துக்காகத் தன் எலும்பையே கரைத்துக் கொடுத்துவிட்டு, கடைசியில் பலவீனமான எலும்புகளுடன் கசாப்புக் கடைக்குப் போகிறது. "முட்டையிடுகிற கோழிக்குத்தான் வருத்தம் தெரியும்" என்று நம் பாட்டிமார்கள் சொன்னார்கள். இந்தக் கூண்டைப் பார்க்காமலேயே சொன்னார்கள்!

இதை ஏற்பாடு செய்தவர்கள் எல்லோரும் ராட்சதர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. கோழி வேறு, எச்சம் வேறு என்று பிரித்து வைத்ததால் சில நோய்கள் குறைந்தன. ஓர் ஆள் ஆயிரக்கணக்கான கோழிகளைக் கவனிக்க முடிந்தது. முட்டை விலை ஏழைக்கு எட்டும்படி இறங்கியது. வியாபாரிகள் சொன்ன விலைக்கு விற்றுக் கைப்பொருளை இழந்து வந்த பண்ணைக்காரர்கள், 1982-ம் வருஷத்தில் டாக்டர் பி.வி. ராவ் முயற்சியால் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு ஏற்பட்ட பிறகு, தங்கள் சரக்குக்குத் தாங்களே விலை சொல்ல ஆரம்பித்தார்கள். தமிழ்நாட்டில் 1989-ல் சத்துணவில் பதினைந்து நாளைக்கு ஒரு முட்டை என்று தொடங்கியது, 2010-ல் வாரம் ஐந்து முட்டை என்று வளர்ந்தது. 2023-24-ல் இந்தியாவின் முட்டை உற்பத்தி 14,277 கோடி. அதாவது தலைக்கு வருஷத்தில் 103 முட்டை. பள்ளிக்கூடத்துக்குப் பசியோடு வருகிற ஒரு குழந்தையின் தட்டில் முட்டை விழுவது அற்ப விஷயம் அல்ல. இதை மறந்துவிட்டுக் கோழிக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் பேச்சை நான் காதில் போட்டுக் கொள்வதில்லை.

ஆனால் சத்துணவுக் குழந்தையின் முட்டையைக் காட்டி, நட்சத்திர ஹோட்டல் தன் ஆம்லெட்டை மறைத்துக் கொள்வது எப்படி நியாயமாகும்?

* * *

மேனாட்டில் இந்தக் கூண்டை எதிர்த்துக் குரல் கிளம்பி அறுபது வருஷங்களுக்கு மேலாகின்றன. 1964-ல் ரூத் ஹாரிஸன் என்னும் ஆங்கிலப் பெண்மணி, பிராணிகளை யந்திரங்களாக நடத்தும் பண்ணைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பிரிட்டிஷ் ஜனங்கள் திடுக்கிட்டார்கள். சர்க்கார் ஒரு கமிட்டி போட்டது. கமிட்டி போட்டால் விஷயம் தூங்கிவிடும் என்பது நமது அனுபவம். அந்தக் கமிட்டி மட்டும் 1965-லேயே விழித்தெழுந்து, பண்ணைப் பிராணி எதுவாயினும் எழுந்து நிற்கவும், படுக்கவும், திரும்பவும், உடம்பைக் கோதிக் கொள்ளவும், கைகால்களை நீட்டவும் இடம் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது.

அதன் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் 1999-ல் ஒரு சட்டம் செய்து, 2012 ஜனவரி 1 முதல் வெறுங்கம்பிக் கூண்டு கூடாது என்று விதித்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் தவணை. தவணை முடிந்த அன்று பார்த்தால் பதின்மூன்று தேசங்கள் தயாராகவில்லை. புதுச்சேரியை ஆண்ட பிரான்ஸும் அந்தப் பதின்மூன்றில் ஒன்று. ஒன்றியத்தார் நோட்டீஸ் அனுப்பினார்கள். முட்டை விலையும் கொஞ்ச காலம் ஏறிற்று. இருந்தாலும் காரியம் நடந்து முடிந்தது. கொம்பும் கூடும் வைத்த பெரிய கூண்டுக்கு அங்கே இன்னும் அனுமதி உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்படியும் அங்கே முட்டைக் கோழிகளில் பாதிக்கு மேல் இன்று கூண்டுக்கு வெளியே வசிக்கின்றன.

சட்டம் ஒரு பக்கம் இருக்க, 2015-ஐ ஒட்டிய வருஷங்களில் உணவுக் கம்பெனிகளும் ஹோட்டல் கம்பெனிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வாக்குறுதி கொடுக்கத் தொடங்கின. அமெரிக்காவிலும் கனடாவிலும் பத்து வருஷத்துக்குள் கூண்டில்லா முட்டைக்கு மாறிவிடுவதாக மக்டொனால்ட்ஸ் 2015-ல் சொல்லிற்று. மார்ஸேய் நகரத்தில் 1966-ல் பிறந்து, இந்தியா உட்படப் பல தேசங்களில் ஆபீஸ்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் சமையல் செய்து போடும் பிரெஞ்சுக் கம்பெனியான சொடெக்ஸோ, 2025-க்குள் உலகம் முழுவதும் மாறிவிடுவதாக 2016-ல் அறிவித்தது. நெஸ்லே 2017-ல் வாக்குக் கொடுத்தது: ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் 2020, மற்றப் பிரதேசங்களுக்கு 2025. கே.எஃப்.சி., பீட்ஸா ஹட் கடைகளுக்குச் சொந்தக்காரரான யம் கம்பெனியார் 2021-ல் சொன்னார்கள்: மேற்கு ஐரோப்பா, அமெரிக்கா முதலிய இடங்களில் 2026, பாக்கி உலகத்துக்கு 2030. பெரிய ஹோட்டல் குழுமங்கள் பலவும் 2025 என்ற வருஷத்தையே தேர்ந்தெடுத்தன. 2016-ல் நின்று பார்த்தால் 2025 வெகு தூரத்தில் இருந்ததல்லவா?

அந்த 2025 வந்துவிட்டது. அமெரிக்க மக்டொனால்ட்ஸ் தவணைக்கு முன்னதாகவே சொன்னதைச் செய்து முடித்துவிட்டது. வருஷத்துக்கு ஏறக்குறைய இருநூறு கோடி முட்டை வாங்கும் வியாபாரம் அது. ஆகவே முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஆசியாவில் என்ன நடந்தது?

* * *

புதுச்சேரிக்காரர்களுக்குக் கும்பினி என்றால் என்ன என்று யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அந்த நகரத்தை உண்டாக்கியதே ஒரு கும்பினிதான். அந்தக் கும்பினியின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736-லிருந்து 1761 வரை தினசரிக் குறிப்பு எழுதி வைத்தார். எந்தக் கப்பல் எப்போது வந்தது, என்ன சரக்கு இறங்கியது, யார் யாரிடம் என்ன சொன்னார்கள், பிறகு என்ன செய்தார்கள் - எல்லாவற்றையும் எழுதினார். கும்பினியார் தங்கள் கணக்கைத் தாங்கள் எழுதிக் கொண்டார்கள்; பிள்ளையவர்கள் நம் பக்கத்துக் கணக்கைத் தமிழில் எழுதி வைத்தார். இன்று சரித்திர ஆசிரியர்கள் அந்த இரண்டாவது கணக்கையும் தேடிப் போகிறார்கள்.

முட்டை விஷயத்தில் அந்த இரண்டாவது கணக்கு எழுத ஆசியாவில் ஆள் போதவில்லை. பிராணி நல சங்கத்தார் சிலர் வருஷந்தோறும் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதி, "உங்கள் ஆசியக் கிளைகளில் எத்தனை சதவிகிதம் கூண்டில்லா முட்டை?" என்று விசாரித்து வருகிறார்கள். வருகிற பதில்கள் மூன்று ஜாதி. ஒரு சிலர் தேசவாரியாகக் கணக்குக் காட்டுகிறார்கள், அவர்களைப் பாராட்டவேண்டும். இன்னும் சிலர் பதிலே எழுதுவதில்லை. மூன்றாவது ஜாதியார் மிகவும் சமர்த்தர்கள்: உலகம் முழுவதையும் கூட்டிச் சராசரி போட்டு ஓர் எண்ணைத் தருகிறார்கள். சராசரியின் மகிமையைப் பாருங்கள். ஒரு கை கொதிக்கும் வெந்நீரிலும் மற்றொரு கை பனிக்கட்டியிலும் இருந்தால், சராசரிப்படி அந்த மனிதர் சுகமாக இருக்கிறார்! பாரிஸ் நகரத்தில் நூற்றுக்கு நூறும், சென்னையில் பூஜ்யமும் சேர்ந்து, வருஷாந்தர அறிக்கையில் அழகான ஐம்பதாகிவிடும்.

வேறொரு யுக்தியும் புறப்பட்டிருக்கிறது. ஒரு ஊரில் கூண்டில்லா முட்டை கிடைக்கவில்லை என்றால், கம்பெனி எப்போதும்போல் கூண்டு முட்டையையே வாங்கிக் கொள்ளலாம்; அதற்கு ஈடாக, வேறிடத்தில் கூண்டில்லாமல் கோழி வளர்க்கும் பண்ணைக்காரருக்கு ஒரு தொகை கொடுத்து, அந்தப் புண்ணியத்தைத் தன் பெயரில் வரவு வைத்துக் கொள்ளலாம். நானும் ஏகாதசி விரதம் என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்காரருக்குக் கூலி கொடுத்துப் பட்டினி போடும் காரியத்தைப் போல் இருக்கிறதல்லவா? ஆயினும் இதை முழுவதும் பரிகசிக்க எனக்கு மனம் வரவில்லை. மாறத் துணிந்த பண்ணைக்காரர் கையில் பணம் போய்ச் சேர்வது நிஜமான நன்மை. பாலம் கட்டும் வரையில் தோணி வேண்டியதுதான். தோணியையே பாலம் என்று அறிக்கையில் எழுதும்போதுதான் ஆட்சேபம்.

எனக்கு இதில் ரோஷத்தை உண்டாக்குவது வேறொரு விஷயம். ஒரே கம்பெனி; ஒரே பெயர்ப் பலகை; ஒரே விதமான வெள்ளைத் துணி விரித்த மேஜை. அங்கே ஒரு நியாயம், இங்கே ஒரு நியாயம். ஐரோப்பாவில் சட்டம் கேட்கிறது, வாடிக்கைக்காரர் கேட்கிறார். ஆகையால் வாக்கு நிறைவேறுகிறது. இங்கே யாரும் கேட்பதில்லை என்ற நம்பிக்கையில் வாக்கு ஊறுகாய்ப் பானைக்குள் போய்விடுகிறது. நம்மைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் இந்த மதிப்பை நாம் ஏற்றுக் கொள்ளப் போகிறோமா?

* * *

"நமக்குச் சட்டம் இல்லையே" என்று சொல்வதும் சரியில்லை. மதுரையில் பிறந்து சென்னையில் கலாக்ஷேத்திரத்தை வளர்த்த ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல், 1952-ல் ராஜ்ய சபைக்கு நியமனம் பெற்றதும், பிராணிகளுக்காகத் தனி மசோதா ஒன்றைக் கொண்டு வந்தார். சர்க்கார் தானே சட்டம் செய்வதாக ஏற்றுக் கொண்டது. 1960-ல் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. புதுச்சேரி சட்டபூர்வமாக இந்தியாவோடு இணைந்த அதே 1962-ல், ருக்மிணி தேவியின் தலைமையில் பிராணி நல வாரியமும் சென்னையில் ஏற்பட்டது.

அந்தச் சட்டத்தின் 11-வது பிரிவு என்ன சொல்கிறது? ஒரு பிராணி நியாயமாக அசைந்து நடமாட முடியாத அளவுக்கு உயரமும் நீளமும் அகலமும் குறைந்த கூண்டில் அதை அடைப்பது குற்றம் என்கிறது. முட்டைக் கூண்டு இந்தப் பிரிவுக்கு விரோதமானது, 2017-க்குள் ஒழித்துவிட வேண்டும் என்று வாரியம் 2013-ல் மாகாண சர்க்கார்களுக்கு எழுதிற்று. 2017-ல் சட்டக் கமிஷன் தன் 269-வது அறிக்கையில் முட்டைக் கோழிகளின் நிலைமையை விவரித்து, விதிகள் வேண்டுமென்று சிபாரிசு செய்தது. மத்திய சர்க்கார் 2019-ல் வெளியிட்ட நகல் விதிகளில் கோழி ஒன்றுக்கு 550 சதுர சென்டிமீட்டர் என்று கண்டிருந்தது. ஐரோப்பா 2012-ல் குப்பையில் எறிந்த கூண்டின் அளவும் அதே 550தான்! மேனாட்டார் கழித்த சட்டையைப் புதுச் சட்டையாக நாம் தைத்துக் கொள்ளுவானேன்?

சட்டத்துக்குப் பல் எவ்வளவு என்றும் பார்ப்போம். 11-வது பிரிவின்படி முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை. 1960-ல் அது பணம். இன்று நல்ல ஹோட்டலில் ஓர் ஆம்லெட்டின் விலை அதைவிட அதிகம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

சட்டத்துக்கு முன்னாலேயே நமக்கு வேறொரு வழிகாட்டுதல் இருந்தது. மகாத்மா காந்தி ஆகாகான் மாளிகைச் சிறையில் இருந்தபோது ஆரோக்கியத்தைப் பற்றி எழுதிய நூலில், சேவல் சேராமல் இடப்படும் முட்டையில் உயிர் இல்லாமையால், பால் அருந்துகிறவர்கள் அதை ஆட்சேபிக்கக் காரணமில்லை என்ற அபிப்பிராயத்தைத் தெரிவித்திருக்கிறார். முட்டைக்காரர்களுக்கு இது நல்ல அத்தாட்சி. ஆனால் அதே காந்திஜி, கல்கத்தாவில் பசுக்களிடம் கடைசிச் சொட்டு வரையில் கறப்பதற்காகச் செய்யப்பட்ட கொடுமையைக் கேள்விப்பட்டது ஒரு காரணமாகப் பாலையே விட்டுவிட்டார். பொருள் குற்றமற்றதாக இருந்தால் மட்டும் போதாது. அது எப்படிக் கிடைத்தது என்றும் பார்க்கவேண்டும் என்பது அவர் நடத்திக் காட்டிய பாடம். அந்நியத் துணியை விட்ட தேசத்துக்கு இந்தப் பாடம் புதியது அல்லவே!

* * *

"எல்லாம் சரி, விலை?" என்று குடும்பத் தலைவர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. கூண்டில்லாத கொட்டகையில் அதே இடத்துக்குக் குறைந்த கோழிகளே கொள்ளும். ஐரோப்பிய விதிப்படி ஒரு சதுர மீட்டருக்கு ஒன்பதுக்கு மேல் கூடாது. ஓடியாடும் கோழி அதிகமாகத் தின்னும். உமியும் மரத்தூளும் பரப்பிய ஆழ்கூளத்தை உலர்வாக வைத்திருக்காவிட்டால் நோய் வரும். ஒன்றையொன்று கொத்தும். சில முட்டைகள் கூட்டை விட்டுத் தரையில் இடப்பட்டு அழுக்காகும். ஆட்கூலி கூடும். ஆகவே கடையில் இந்த முட்டை இரண்டு மடங்கு, சில சமயம் மூன்று மடங்கு விலைக்கு விற்கிறது. கூண்டை எடுத்துவிட்டால் கோழிக்குச் சொர்க்கம் வந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. பொரித்த அன்றே சேவற்குஞ்சுகளைக் கொல்லும் வழக்கம் இரு வகைப் பண்ணைகளுக்கும் முட்டைக் கோழிக் குஞ்சு கொடுக்கும் பொரிப்பகங்களில் உண்டு.

விலை கூடும் என்பதனால்தான், இந்தக் காரியம் ஏழை வீட்டு அடுப்பிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது, பெரிய ஹோட்டலின் அடுப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்கிறேன். இரண்டு முட்டை போட்ட ஆம்லெட்டுக்கு இருநூறு ரூபாய் வாங்குகிற இடத்தில், முட்டைக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுத்தாலும் ஆம்லெட்டுக்கு இருபது ரூபாய். அதைத் தாங்க முடியாத ஹோட்டல், சுவரில் தொங்கும் படங்களில் ஒன்றைக் குறைத்துக் கொள்ளட்டும். பெரிய ஹோட்டல்கள் முதலில் வாங்கினால் பண்ணை பெருகும். பண்ணை பெருகினால் விலை இறங்கும். பிறகு நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டும்.

இதில் நாமக்கல் பண்ணைக்காரரை நடுத்தெருவில் விட்டுவிடவும் கூடாது. கடன் வாங்கிக் கூண்டு கட்டியவர் அவர். "கூண்டைப் பிரித்துவிடு" என்று உபதேசம் செய்துவிட்டு, அடுத்த மாதம் பழைய விலைக்கே முட்டை கேட்டால், முட்டையிடுகிற கோழியின் வருத்தம் அவருக்கும் வந்துவிடும். இத்தனை வருஷத்துக்கு, இத்தனை முட்டையை, இந்த விலைக்கு வாங்கிக் கொள்கிறோம் என்று கம்பெனிகள் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்ய வேண்டும். வளர்ப்பு முறையைக் கற்றுக் கொடுக்கவும் இடம் வேண்டும். இந்தோனேசியாவில் யோக்யகர்த்தா நகரத்துக் கஜா மாதா பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு பயிற்சி நிலையம் ஏற்பட்டிருக்கிறது. நாமக்கல்லில் 1985-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் வெயிலுக்கும் நம் தீனிக்கும் ஏற்ற கூண்டில்லா முறை இன்னதென்று உலகத்துக்குச் சொல்ல அதைவிடத் தகுதியான இடம் எது? 2019 கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 85 கோடிக் கோழி முதலிய பறவைகளில் 31 கோடிக்கு மேல் வீட்டுக் கொல்லைகளில் வளர்கின்றன. கூண்டில்லாமல் கோழி வளர்ப்பது நாம் மறந்துபோன வித்தையும் அல்ல.

* * *

இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது. அதற்குச் செலவு மிகக் குறைவு. ஐரோப்பாவில் 2004 முதல் ஒவ்வொரு முட்டை ஓட்டின் மீதும் ஓர் எண் அச்சிடுகிறார்கள். பூஜ்யம் என்றால் இயற்கை முறைப் பண்ணை; 1 என்றால் வெளியில் மேய்ந்த கோழி; 2 என்றால் கொட்டகைக் கோழி; 3 என்றால் கூண்டுக் கோழி. எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைகூட முட்டையின் ஜாதகத்தைப் படித்துவிடலாம். ஐரோப்பா தூரதேசம், அவர்கள் பணக்காரர்கள் என்று தள்ளிவிட வேண்டாம். ஆசியாவிலேயே தென் கொரியாவில், 2017-ல் முட்டையில் பூச்சி மருந்து கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டு ஜனங்கள் கொதித்தெழுந்த பிறகு, மறு வருஷமே கோழி வளர்ந்த விதத்தைக் காட்டும் எண்ணை ஓட்டில் அச்சிட வேண்டுமென்று உத்தரவாயிற்று. ஒன்று முதல் நாலு வரை. நாலு என்றால் பழைய கூண்டு. அந்த எண் வந்துவிட்டால், கூண்டு முட்டைக்குக் கிராமத்துக் குடிசைப் படம் போட்ட அட்டைப் பெட்டி தைத்து விற்க முடியாது.

அந்த எண் நம் நாட்டு முட்டைக்கு வரும் வரையில் நாமே ஆனந்தரங்கப் பிள்ளையின் வேலையைக் கொஞ்சம் செய்ய வேண்டியதுதான். நோணாங்குப்பத்துக்கோ மாமல்லபுரத்துக்கோ ஊட்டிக்கோ அடுத்த முறை குடும்பத்தோடு போகிற நேயர்கள், ஹோட்டலில் உட்கார்ந்ததும் பரிமாறுகிற பையனிடம், "தம்பி, இது கூண்டு முட்டையா, கூண்டில்லா முட்டையா?" என்று அன்போடு கேளுங்கள். அவன் விழிப்பான். "கடையிலிருந்து வந்த முட்டைங்க, ஸார்" என்பான். கோபித்துக் கொள்ளாதீர்கள், அவன் வாக்குக் கொடுத்தவன் அல்ல. மானேஜரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். மானேஜருக்கும் தெரியாது, அவர் தலைமை ஆபீஸுக்கு எழுதுவார். ஒருவர் கேட்டால் அது வேடிக்கை. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இருபது பேர் கேட்டால் அது வியாபாரம். கும்பினியாரின் காது எப்போதும் வாடிக்கைக்காரர் இருக்கும் பக்கமே திரும்பியிருக்கிறது. இத்தனை நாளும் அந்தப் பக்கத்திலிருந்து "உப்புக் கொஞ்சம் குறைச்சல்" என்ற பேச்சு ஒன்றுதான் போய்க் கொண்டிருந்தது.